இருநூறு எழுத்துக்கு மேல்

வீடியோ பிளேயர் மென்பொருளில் சப்டைட்டில் காட்டும் பகுதியை எழுதியவன் தம்பிதான். ஒரே மூச்சில் இருநூறு எழுத்துக்கு மேல் எவன் பேசப்போகிறான் என்று, நினைவகத்தில் அவ்வளவுக்கே இடம் விட்டிருந்தான்.

காது மந்தமான அப்பாவுக்காக, அக்கா தன் புது வீட்டு வீடியோவுக்குச் சப்டைட்டில் அடித்தாள். சமையலறையில் தொடங்கி மொட்டைமாடி வரை முற்றுப்புள்ளியே இல்லாத ஒரே வரி. ஓடவிட்டதும் பிளேயர் பொசுக்கென்று மூடிக்கொண்டது.

உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், அப்பா பாக்கட்டுமேன்னு நான்..."

"சரி சரி, ஃபைலை அனுப்புக்கா," என்று குறுக்கே புகுந்தான் தம்பி.

பிரித்துப் பார்த்ததும் தன் தப்பு புரிந்தது. இடம் போதாத எழுத்துகள் பக்கத்து நினைவகத்தில் ஏறி, அங்கிருந்ததை அழித்திருந்தன. அக்காவின் பேச்சுக்குப் பதிலாக எவனாவது திருட்டுக் கட்டளையை அடித்து அனுப்பியிருந்தால், கம்ப்யூட்டரே அவன் கைக்குப் போயிருக்கும்.

மாலைக்குள் ஓட்டையை அடைத்துவிட்டு அழைத்தான். "தப்பு என்னோடதுதான்க்கா. இனிமே பயமில்ல. இருநூறு எழுத்தைத் தாண்டினா பாதியிலயே வெட்டிடும்."

"நல்லா இருக்குடா! நீ எங்கிட்ட பண்றதையே அதுக்கும் சொல்லிக் குடுத்துட்டியா?"