ஏழு முட்டைக் கோதுகள்

பத்மாசினி பெரியபிள்ளையான அன்று கோழிக்கூட்டுக்குள் கையை விட்டு முட்டைகளை எடுத்தது நான்தான். ஏழு இருந்தன. எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்த பெட்டைக்கு விடிய, வெறும் வயிற்றில், ஒரு பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றுவார்கள். பிறகு அதே கோதில் நல்லெண்ணெய் அளந்து அதையும் ஊற்றுவார்கள். மத்தியானம் உழுத்தங்களி. இடுப்பு பலக்கும், பிள்ளை பெறத் தாங்கும். என் தாய், என் மனைவி, என் மகள் நல்லம்மா எல்லோரும் அதைக் குடித்தவர்கள்தான். ஒருத்தியும் சாகவில்லை.

பத்மாசினி என் மகன் பஞ்சலிங்கத்தின் பிள்ளை. அவளுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. நல்ல நிறை, நல்ல அழுகை. மூன்றாம் நாள் பால் குடிப்பதை விட்டன. நாலாம் நாள் மூச்சை விட்டன. இரண்டும் அப்படித்தான். மருமகள் குணலட்சுமியின் தாய்க்கும் நீர்வேலியில் மூன்று ஆண் குழந்தைகள் அப்படிப் போனது கலியாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள். அதை நான் அவளுக்கு ஒருநாளும் மறக்க விட்டதில்லை. மகன் எண்பத்தைந்தில் ஜேர்மனிக்குப் போய்விட்டான். கோப்பாய் வீட்டில் நான், மருமகள், பெட்டை, மூன்று பேர்.

பெட்டை சின்னதிலிருந்தே மீன் தின்னாது. முட்டை தின்னாது. பருப்பைக் கண்டால் கோப்பையைத் தள்ளும். சோறும் பூசணிக்காயும் வாழைப்பழமும்தான். தாய் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று எனக்கு எரிச்சல். எட்டு வயதில், வைரவர் கோயில் வேள்விப் பங்கு இறைச்சியை நானே மடியில் வைத்து வாயில் தீத்தினேன். அன்று பின்னேரமே தின்றதெல்லாம் சத்தி எடுத்து, தாயையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். குணலட்சுமி ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அங்கே அடைக்கலநாதன் என்று ஒரு டொக்டர். வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன். பெட்டையின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினான். முடிவு வந்ததும் என்னையும் கூப்பிட்டு இருத்தினான்.

"ஐயா, மீன், முட்டை, பருப்பு எல்லாத்திலையும் புரதம் இருக்கு. வயித்துக்குள்ளை அது உடைஞ்சு அமினோ அமிலம் எண்டு சின்னச் சின்னத் துண்டாகும். உடம்பு தனக்குத் தேவையானதை எடுத்திட்டு மிச்சத்தை எரிக்கும். எரிக்கேக்கை அமோனியா எண்டு ஒரு நஞ்சு வரும்."

"அப்ப நாங்கள் எல்லாரும் நஞ்சோடையோ திரியிறம்?"

"இல்லை. எங்கடை ஈரல் அதை யூரியா ஆக்கி மூத்திரத்தோடை வெளியாலை தள்ளிப்போடும். இவவுக்கு அந்த வேலையைச் செய்யிற சாமான் பிறப்பிலையே குறைவு. நஞ்சு மூளைக்கு ஏறும். இது தாய்வழியாலை வாறது. ஆம்பிளைப் பிள்ளையளுக்கு வந்தா அநேகமாத் தங்காது. பொம்பிளைப் பிள்ளையள் கவனமா இருந்தாத் தப்பலாம்."

"யூரியாவோ? வெங்காயத்துக்குப் போடுறதோ?"

"ஓம், அதுதான்."

"இவ்வளவு காலமும் சங்கக்கடையிலை மினக்கெட்டு நிண்டு மூட்டை மூட்டையா வாங்கினனான். பாத்தியிலை ஏறி நிண்டு பெய்திருக்கலாம்."

பக்கத்தில் நின்ற தாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டொக்டர் சிரிக்கவில்லை. "எது கூடாதெண்டு இவவுக்கு உடம்பே சொல்லிக் குடுத்திருக்கு, ஐயா. இனிமேல் பிடிச்சு வைச்சுத் தீத்தாதையுங்கோ" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு சொல்தான் எனக்குப் பிடித்தது. தாய்வழி. வீட்டுக்கு வந்து அதையே திருப்பித் திருப்பிக் குணலட்சுமிக்குச் சொன்னேன். மற்றதெல்லாம் டொக்டர்மார் பிழைப்புக்குச் சொல்கிற கதை என்று விட்டுவிட்டேன். வேள்வி இறைச்சி ஒத்துக்கொள்ளாதது வைரவரின் கோபம்.

குணலட்சுமி மகளுக்குத் தனிப் பானை வைத்தாள். அப்படியே பெட்டை வளர்ந்தது. கைகால் ஈர்க்கு மாதிரி. வாய் மட்டும் நீளம். பின்னேரத்தில் எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவாள். நான் கேட்பது மரண அறிவித்தல் மட்டும். குரலை இழுத்து, மூக்கால் வாசிப்பாள். "அப்பப்பா, இண்டைக்கு உங்களிலும் இளசு ரெண்டு பேர் போட்டினம்" என்பாள்.

தொண்ணூற்று மூன்றில், பதின்மூன்று வயதில் பெரியபிள்ளையானாள். அன்றே நல்லம்மா வந்தாள். அவளுடைய மகனுக்குப் பத்மாசினியைக் கட்டி, எட்டுப் பரப்புத் தோட்டத்தையும் எழுதுவது என்று நான் எப்போதோ முடிவெடுத்தது. தோட்டம் வெளியில் போகக் கூடாது.

"அப்பு, உந்தச் செத்தல் மிளகாயைக் கட்டி என்ரை பொடியன் என்ன செய்யிறது? ஒரு பிள்ளை பெத்தா முறிஞ்சுபோகும்" என்றாள்.

"முப்பது நாள் முட்டை குடுப்பம். பிறகு பார்" என்றேன்.

குணலட்சுமிக்கு என்னைத் தெரியும். அன்று மத்தியானமே முன்னால் வந்து நின்றாள். "மாமா, பிள்ளைக்கு முட்டை குடுக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ. வைரவரிலை."

பண்ணினேன். வைரவருக்குப் பிறகு ஒரு சேவல் கொடுத்தால் போச்சு.

அந்த வருசம் மண்ணெண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் சங்கக்கடையில் விடியமுன்னமே வரிசை. சாமத்தியவீட்டுச் சடங்குக்கு இரண்டும் வேண்டும் என்று சொல்லி, குணலட்சுமியைத் தினமும் அனுப்பினேன். அவள் படலையைச் சாத்த, நல்லம்மா முட்டையோடு அறைக்குள் போவாள். தண்ணீர் வார்க்கும்வரை பெட்டையை ஆம்பிளை பார்க்கக் கூடாது. நான் கதவுக்கு வெளியே கதிரையில் இருப்பேன்.

"வேண்டாம் மாமி. மணக்குது."

"மூக்கைப் பொத்து. ஆ எண்டு."

"அப்பப்பா! நான் அம்மாட்டைச் சொல்லுவன்!"

"சொல்லிப் பார். அண்டைக்கே உன்ரை அம்மாவை இந்தக் காணியை விட்டுக் கலைச்சுப்போடுவன்" என்றேன்.

உள்ளே சத்தம் நின்றது. பிறகு விழுங்குகிற சத்தம் கேட்டது. பெட்டை தாயிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சத்தி எடுத்தாள். நல்லம்மா பாயைக் கழுவிப்போட்டாள். நாலாம் நாள் தலைக்குள் ஏதோ செய்கிறது என்றாள். தாய்க்குச் சந்தேகம் வந்தது. முதல்முதல் தீட்டு, அப்படித்தான் இருக்கும் என்று நல்லம்மா வாயை அடைத்தாள். ஐந்தாம் நாள் அறைக்குள்ளிருந்து பெட்டை கூப்பிட்டாள். "அப்பப்பா, பேப்பரைத் தாங்கோ, வாசிக்கிறன்." அன்று வீட்டில் பேப்பர் இல்லை. அவள் பேப்பர் இல்லாமலே வாசித்தாள். "கோப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட..." அதற்குப் பிறகு பெயர் வரவில்லை. திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். நாக்குக் குழறியது. எத்தனை தரம் என்று தெரியாது, நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

ஏழாம் நாள் வாயைத் திறக்கவில்லை. நல்லம்மா பல்லுக்குள் விரலை விட்டு ஊற்றினாள். குணலட்சுமி வரிசையிலிருந்து வந்து எழுப்பினபோது பிள்ளை எழும்பவில்லை.

"மாமா, என்ன குடுத்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை. சத்தியம் பண்ணினனான்தானே."

மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஒன்றைப் பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே அடைக்கலநாதன். தலை நரைத்துவிட்டது. பெட்டையின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு நேரே என்னிடம்தான் வந்தான்.

"முட்டை, உழுந்து, ஏதாவது குடுத்தனீங்களோ?"

நல்லம்மா என் முகத்தைப் பார்த்தாள். "இல்லை. சோறும் பூசணியும்தான்" என்றேன்.

"ஐயா, ஏசுறதுக்குக் கேக்கேல்லை. அதெண்டால் வைத்தியம் வேறை. சோதிச்சுப் பாக்க இப்ப இஞ்சை மருந்தில்லை, கொழும்புக்குப் பாதையுமில்லை. உங்கடை வாயாலை வந்தாத்தான் எனக்குத் தெரியும்."

"உனக்குத் தமிழ் விளங்காதோ? இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அவன் சொன்னது சரி என்று அவன் முகத்துக்கு முன்னால் என் வாயால் சொல்வதா? வரவில்லை. அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

குணலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா வைரவரிலை சத்தியம் பண்ணினவர், டொக்டர்" என்றாள். எனக்காக அவள் பேசியது அந்த ஒருதரம்தான்.

மூளைக்காய்ச்சல் என்று நினைத்து முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். அதற்குரிய மருந்தை ஏற்றினார்கள். அடுத்த நாள் பின்னேரம் பத்மாசினி செத்துப்போனாள். பிள்ளை காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஜேர்மனிக்கு மகனுக்கு எழுதுவித்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு நாளால், வாழைக்குத் தண்ணீர் கட்டப் போன குணலட்சுமி சுளகில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். நல்லம்மா வாழையடியில் மண்ணுக்குள் தாட்டதைக் கோழி கிளறிவிட்டிருந்தது. கோதுகள். உள்பக்கத்தில் எண்ணெயும் மண்ணும் ஒட்டியிருந்தது. என் காலடியில் வைத்தாள்.

"ஏழு நாளுமோ?"

"ஓம்."

"டொக்டர் ரெண்டுதரம் கேட்டவர்."

"ஓம்."

"அவள் ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"உன்னைக் கலைப்பன் எண்டு வெருட்டினனான்."

கத்துவாள், மண்ணை அள்ளித் திட்டுவாள் என்று பார்த்தேன். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நாள் விடிய, ஒரு முட்டையும் எண்ணெய்ப் போத்தலுமாக என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆ எண்டுங்கோ, மாமா."

திறந்தேன். கதிரைச் சட்டத்தில் தட்டி உடைத்து ஊற்றினாள். பிறகு கோதில் எண்ணெய் அளந்து அதையும் ஊற்றினாள். விழுங்கும்வரை நின்று பார்த்தாள். அடுத்த நாளும் வந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மூன்றாம் நாள் எனக்கும் சத்தி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஐந்தாம் நாள் நாக்குக் குழறுகிறதா என்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கதிரவேலு. தெளிவாக வந்தது.

ஏழாம் நாள் ஊற்றிவிட்டுக் கோதை என் கையில் தந்தாள். உடுப்புப் பை வாசலில் கட்டியிருந்தது.

"உங்களுக்கு ஒண்டும் செய்யாது, மாமா. எல்லாத்தையும் எரிச்சு வெளியிலை தள்ளுற உடம்பு" என்று சொல்லிவிட்டு நீர்வேலிக்கு நடந்தாள். பிறகு இந்தப் படலையைத் திறக்கவில்லை.

இரண்டு வருசம் ஆகிறது. எனக்கு எண்பத்தொன்று. நல்லம்மா மத்தியானத்தில் மீனும் சோறும் கொண்டுவருகிறாள். தின்கிறேன். ஒருநாளும் வயிறு முறுகியதில்லை. விடிய எழும்பி வேலிக்கரையில் நின்று மூத்திரம் பெய்கிறேன். அந்த இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கிறது.