பதினோராயிரம் வரிக்குக் கவ்வாத்து

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாள் கிடைத்ததால்தான் இந்தக் கதை வந்தது. கொத்மலைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஆபீஸ் மூட்டை மூட்டையாகக் கணினித் தாளை வெளியே எறிந்தது. பின்பக்கம் வெறுமை. நாற்பது வயதில் எழுத்துப் படித்தவனுக்கு வெறும் பக்கத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

2
மூடுபனி போர்த்திய மலைகளில் ஒரு (வேண்டாம்.)

காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று சொல்ல, ஆபீஸில் கணினி பார்த்த யாழ்ப்பாணத்து உமாசுதன் நாற்பது வரி நிரல் எழுதினார். அழகம்மாவும் லெட்சுமியும் பேசிக்கொள்வதில்லை, பக்கத்து நிரையில் விடாதே: ஏழு வரி. சமாதானம்: ஒன்பது. மறுபடி சண்டை: பதினாறு. பூரணிக்கு முழங்கால் போச்சு, செங்குத்து மலைக்கு அனுப்பாதே: ஒரே வரி. 2003இல் வரிகள் பதினோராயிரம். ஆறு மணிக்குக் கேட்டால் பத்து மணிக்குப் பதில் வந்தது.

3
வெட்டாமல் விட்டால் தேயிலையே மரமாகிவிடும் என்றார் தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரை. அந்த வரிகளைக் கவ்வாத்துச் செய்ய, தேயிலைச் செடி வெட்டும் மாயாண்டியை ஆபீசுக்கு அனுப்பினார். [மாயாண்டி குடை எடுத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தேன். தேவையில்லை என்று வெட்டிவிட்டேன்.]

4
மாயாண்டி சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். (குடையை வெட்டிய வினை.) கையில் கவ்வாத்துக் கத்தி. உமாசுதன் அச்சடித்த தாள்களை நீட்டினார். வரிகளுக்குப் பக்கத்தில், நினைவிருந்த மட்டும், அது எதற்கென்று தமிழில் எழுதியிருந்தார்.

"ஒண்டை எடுத்தா இன்னொண்டு விழுது, அண்ணை. எனக்கே விளங்கேல்லை."

மாயாண்டி எழுத்துக் கூட்டிப் படித்தார். பூரணி என்ற பேரில் விரல் நின்றது. அவர் மனைவி. போன வருசம் செங்குத்து மலையில் கூடையோடு உருண்டவள். இன்னொரு தடவை உருண்டால் எழும்ப மாட்டாள்.

"ஐயா, எந்தச் செடியிலயும் ஒரு கிளைய விட்டுட்டுத்தாங்க வெட்டுவோம். செடி மூச்சு விடணும்ல."

"மிச்சம்?"

"தானா துளிர்க்குங்க."

மூன்று நாள் வெட்டினார்கள்.

5
நாலாம் நாள் கணினி உடனே பதில் சொன்னது: பூரணி செங்குத்து மலைக்குப் போகக்கூடாது. வேறொன்றும் சொல்லவில்லை. இருநூறு பெண்கள் மழையில் நின்றார்கள். மலைவேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா மறுபடி தட்டச் சொன்னார். அதே பதில்.

"அப்ப நாங்க எங்க போறது?" என்றாள் லெட்சுமி.

"நேத்து விட்ட எடத்துக்குத்தாண்டி," என்றாள் அழகம்மா.

(இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று மேலே எழுதிவிட்டேன். திருத்தினால் முப்பது வரி கூடும். இருக்கட்டும்.)

பூரணியைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள்.

6
துரை வந்து பார்த்தார். ஒரே ஒரு வரிக்கு எதற்குக் கணினி, அதையும் வெட்டு என்றார். உமாசுதன் மாயாண்டியைப் பார்த்தார். மாயாண்டி கத்தியை

தாள் முடிகிறது. கத்தியை உங்களிடம் தருகிறேன். கதை நீளம் என்று பட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், என்னையும் சேர்த்து. அந்த ஒரு வரியில் கை வைக்குமுன் கொஞ்சம் பாருங்கள்: பூரணி இன்னும் மலையடியில்தான் நிற்கிறாள்.