அருகருகே வைத்த நெஞ்சுகள்

கோவிட் இரண்டாம் அலையின் நடுவில், பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த சி.டி. ஸ்கேன் படங்களில், ஒருவர் நுரையீரலில் இருந்த வெள்ளைத் திட்டுகள் அடுத்தவர் நுரையீரலுக்குக் குடிபெயரத் தொடங்கின. ஒரு தவறால்தான் இது தெரியவந்தது. யார் யாருக்கு நெஞ்சு எப்படிக் கெடுகிறது என்று ஒப்பிட்டு அறிக்கை தரும்படி தலைமை மருத்துவர் கேட்டிருந்தார். இடது திரையில் நோயாளியின் பழைய படம், வலது திரையில் புதியது என்பது ஸ்கேன் டாக்டரம்மாவின் வழக்கம். அவசரத்தில் ஒரு லாரி டிரைவரின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு முடிதிருத்துபவரின் படத்தை வைத்துவிட்டார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் டிரைவரின் திட்டுகளில் பாதியைக் காணோம். அவை முடிதிருத்துபவரின் நெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன. மாடி வார்டில் டிரைவர் எழுந்து சாப்பாடு கேட்டார். வெறும் இருமலோடு நடந்து வந்த முடிதிருத்துபவருக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். இருவருமே பிழைத்தார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

டாக்டரம்மாவுக்குத்தான் நிம்மதி போயிற்று. ஒரு திரையை அணைத்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மனதுக்குள் ஒப்பிட்டார். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார். அறிக்கை தாமதமானதற்குத் தலைமை மருத்துவர் வறுத்தெடுத்தார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் தம்பியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். படத்தில் இரண்டு நுரையீரலும் வெள்ளை, கறுப்பைத் தேட வேண்டியிருந்தது. டாக்டரம்மா யோசிக்கவே இல்லை. தானே இயந்திரத்தில் படுத்துப் படமெடுத்து, இரண்டாவது திரையைப் போட்டு, தம்பியின் படத்துக்கு அருகில் வைத்தார். ஒரு திட்டும் நகரவில்லை. அவர் நெஞ்சிலும் ஏற்கெனவே திட்டுகள் இருந்தன. வேலை மும்முரத்தில் தன் காய்ச்சலைக்கூட அவர் கவனித்திருக்கவில்லை. ஆள் இருக்கும் வீட்டுக்கு யார் குடிவருவார்கள்?

வெளியே தம்பியின் மனைவி நின்றிருந்தாள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது; அவசரத்துக்குக் கூப்பிட அவன் கொடுத்திருந்த எண் இன்னும் அவளுடையதாக இருந்ததால் வந்திருந்தாள். டாக்டரம்மா எதையும் மறைக்காமல் சொன்னார்.

"கேஸ் கேஸா இருக்கட்டும் அண்ணி. அவரு போயிட்டா நான் யாரோட சண்டை போடறது? என் படத்தை எடுங்க."

"உனக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

"கல்யாணத்தப்பவும்தான் யாரும் சொல்லல."

திட்டுகள் சரிபாதியாகப் பிரிந்தன. இருவரும் இருமி, இளைத்து, அடுத்தடுத்த வார்டுகளில் படுத்து, பிழைத்து வீடு போனார்கள். டாக்டரம்மாவும் தேறினார். மறு வருடம் நீதிமன்றம் விவாகரத்து கொடுத்தது, இருவரும் மறுக்கவில்லை. அவன் ஊரின் மறுகோடியில் ஒரு மாடி அறைக்கு வாடகைக்குப் போனான். அவள் வங்கிக் கவுண்டரில் வேலையைத் தொடர்ந்தாள். திட்டுகள் ஆறிப் பல காலம் ஆகியும், சாயங்காலம் அவன் படியேறும்போது இங்கே அவளுக்கு மூச்சு வாங்கும். வரிசையில் நிற்பவர்களுக்கும் அது பழகிவிட்டது, யாரும் முணுமுணுப்பதில்லை. பேனாவை வைத்துவிட்டு, "இந்த மனுஷன் ஒரு தடவையாவது மெதுவா ஏறுறாரா பாரு" என்று திட்டுவாள். பிறகு அவன் கதவைத் திறந்து உட்காரும்வரை காத்திருந்து, அடுத்தவரைக் கூப்பிடுவாள்.