நீலப்பஞ்சு

என் மனைவி லில்லிக்குட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கடைசியாகப் போட்டிருந்த நீல நைட்டி, கதவுக்குப் பின்னால்தான் தொங்கிக் கிடந்தது. அவள் இறந்த நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனைக்கு வந்த மகள் ரெஜிஷா அதை எடுத்து மெஷினில் போட்டுத் துவைத்துவிட்டாள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனாலும் நான் கத்தினேன்.

“உன்னை யாரு துவைக்கச் சொன்னா? அதில உங்க அம்மைக்க மணம் உண்டு, தெரியாதா?”

அவள் அழுதாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றேன்.

தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில், என் பழைய வேட்டியைக் கிழித்து லில்லிக்குட்டி தைத்துக் கட்டிய பை தொங்கியது. “இந்த நைட்டியெல்லாம் பிளாஸ்டிக் நூலாக்கும். துவைக்கத் துவைக்கப் பொடியா உதிரும். ஓடை வழியாப் பூவார் பொழிமுகத்துக்குப் போய்க் கடல்ல கலந்து, நீங்க பிடிக்கிய மீனுக்க வயித்தில சேரும்” என்பாள். பையில் சேரும் பஞ்சை வழித்து ஒரு டப்பாவில் அடைப்பாள். “மண்ணில போட்டாலும் மக்காது, நாசம் பிடிச்ச சாதனம்” என்று அதைத் திட்டவும் செய்வாள்.

பையை அவிழ்த்தேன். உள்ளே ஈரமாகக் கொஞ்சம் நீலப்பஞ்சு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரெஜிஷா கை நீட்டினாள். “தாங்கப்பா, நான் டப்பாவில போடுதேன்.”

நான் கொடுக்கவில்லை. கல்லறை மண்ணுக்குள் லில்லிக்குட்டி மக்கிக்கொண்டிருக்கிறாள். இது மக்காது. அவளே சொன்னதாக்கும்.