பெரட்டுக்களத்து முட்டை

தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்காரர்களிடம் தோற்றதைக் கஜேந்திரன் என்றோ மறந்திருப்பான். மறக்கவிடாதது அந்த முட்டைதான். போன சித்திரையில், மூங்கில் கம்பால் பந்தடித்து ஓடும் எல்லேப் போட்டியில் அவன் தலைமையில் ஆடிய தொழிலாளர் அணி ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. பெரிய கிளாக்கர் மேர்வின், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துப் பலகையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு முட்டை வரைந்து, கீழே ‘தொழிலாளர்’ என்று எழுதிவைத்தார். சோக்கட்டி என்றால் மழையிலாவது கரைந்திருக்கும். வருசம் முழுக்க அதற்கு முன்னால் நின்றுதான் எல்லாரும் பேர் கொடுத்தார்கள்.

“அழிக்கணும்னா எங்களுக்கும் ஒரு முட்டை போடுங்க பாப்போம்,” என்று மேர்வின் சொல்லியிருந்தார். வெறுமனே ஜெயித்தால் போதாது. ஆபீசுக்கு ஓர் ஓட்டம் கொடுத்தாலும் முட்டை அங்கேயேதான் இருக்கும்.

இந்தச் சித்திரையில், லிந்துலைப் பக்கம் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த தோட்டத்து மைதானத்தில், அது ஏறக்குறைய நடந்துவிட்டது. தொழிலாளருக்குப் பதினோரு ஓட்டம். ஆபீசுக்கு ஒன்றுமில்லை. ஆட மிச்சமிருந்தவர் ஒரே ஒருவர்.

பெரிய தொரை.

போன வருசம் கோப்பையைப் பிடித்துப் போட்டோ எடுத்தபோதுதான் தமக்கும் எல்லே வரும் என்று தோட்டத்து மேனேஜரான தொரைக்குத் தெரிந்தது. மற்றத் தோட்டங்களில் ‘குட்மோனிங்’ ஆகிப்போன பழைய சலாத்தை, வந்த மாதமே திரும்பக் கொண்டுவந்தவர் அவர். யார் சலாம் போட்டாலும் நின்று, திரும்பி, நெஞ்சை நிமிர்த்தித்தான் வாங்குவார். ஜீப்பில் போனால் ஜீப்பை நிறுத்தி வாங்குவார். “மைதானத்தில் தொரையும் இல்லை, தொழிலாளியும் இல்லை,” என்று காலையில் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை மைக்கில் பேசிவிட்டு, அங்கிருந்த ஒரே குஷன் நாற்காலியில் போய் உட்கார்ந்தவரும் அவர்தான்.

இப்போது எழுந்து வந்து மூங்கில் கம்பை வீசினார். பந்து பட்டுவிட்டது. அதில் அதிகம் திடுக்கிட்டவர் தொரைதான்.

“ஓடுங்க சேர், ஓடுங்க!” என்று மேர்வின் கத்தினார்.

நாலு கொடிகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். வருவதற்குள் எறிந்த பந்து அவர்மேல் பட்டால் அவுட்.

பந்து செல்லசாமியிடம் உருண்டது. தொரை அவன் பக்கமாகவே ஓடி வந்தார். எறிந்திருக்கலாம். செல்லசாமியோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மலைரோட்டில் ஒதுங்குவதுபோல ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

“எறிடா!” என்று பக்கத்தில் நின்றவர் கத்தினார்.

“தொரை மேலயா? அண்ணே, நீங்களே எறிங்க!”

பந்து கைக்குக் கை மாறியது, கொதிக்கிற கேத்தலைப்போல. யாரும் அதை வைத்துக்கொள்ளத் தயாரில்லை. தொரை இரண்டாம் கொடியைத் தாண்டினார். மூன்றாவதையும் தாண்டினார். கடைசியில் பந்து கஜேந்திரனிடம் வந்து சேர்ந்தது. அதற்குமேல் கைமாற்ற ஆளில்லை.

கை உயர்ந்தது, வீச வரவில்லை. தொரையின் முதுகு தூரத்தில், மூடுபனிக்குள் ஆடி ஆடிப் போனது. தவறினால் இன்னொரு வருசம் முட்டை. பட்டாலோ, நாளைக்குப் பெரட்டில் பேர் இருக்குமோ என்னவோ. நாலாம் கொடிக்கு இன்னும் பத்தடிகூட இல்லை.

“சலாமுங்க தொரை!”

கத்தியது கஜேந்திரன்தான்.

தொரையின் கால்கள் நின்றன. திரும்பினார். இரைக்க இரைக்க நெஞ்சை நிமிர்த்தினார். வலது கை நெற்றிக்குப் போனது.

“சலாம், சலா—”

பந்து அவர் வயிற்றில் ‘தொம்’ என்று விழுந்தது.

நடுவர் கஸ்பர் மாஸ்டர் மேர்வினைப் பார்த்தார். மேர்வின் மேகத்தைப் பார்த்தார். விசில் வாய்வரை போய், இறங்கி, மறுபடி போனது.

“தொரை... நீங்கதான மைக்ல சொன்னீங்க, மைதானத்துல தொரை இல்லன்னு?” என்றான் கஜேந்திரன்.

தொரை வயிற்றைத் தடவிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். எல்லார் கையிலும் போன் இருந்தது.

“ஆமா,” என்றார். “சொன்னேன்.”

விசில் ஒலித்தது. அவுட்.

மறுநாள் பெரட்டில் பலகையில் முட்டை அப்படியே இருந்தது. அதன் கீழே மேர்வின் ‘தொழிலாளர்’ என்பதைச் சுரண்டி, ‘ஆபீஸ்’ என்று தன் கையாலேயே எழுதினார், முடிந்தமட்டும் சின்னதாக. தொரையின் ஜீப் வந்து நின்றது.

“சலாமுங்க தொரை,” என்றான் கஜேந்திரன்.

தொரை நின்றார், திரும்பினார். ஆனால் நெற்றிக்குக் கையைத் தூக்கும் முன்னால், கஜேந்திரனின் இரண்டு கைகளையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.