மூட வேண்டிய கணக்கு

அலுவலகத்தில் அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர். அறுபத்து நான்கு கம்ப்யூட்டர்கள் ஒன்றாகப் பிணைந்து ஓடும் அந்த ஆய்வு நிலையத்தில், யார் உள்ளே நுழையலாம், யார் நுழையக் கூடாது என்பது அவள் கையில் இருந்தது. பாஸ்வேர்டை மறந்தவர்கள் அசடு வழிய அவள் மேஜை முன்னால் வந்து நிற்பார்கள்.

திங்கட்கிழமை காலை, வேலையை விட்டுப் போகிறவர்களின் பட்டியல் வந்தது. பகல் பன்னிரண்டுக்குள் அவர்களுடைய கம்ப்யூட்டர் கணக்குகளை மூட வேண்டும். மூன்றாவது பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் கணவர். நேற்று மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். யாரும் மூச்சு விடவில்லை.

அவர் பிரிவு இருந்த மாடிக்கு ஓடினாள். மாமா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"லிஸ்ட் வந்துடுச்சா?" என்றார். "எங்க பிரிவையே எடுத்துட்டாங்கம்மா. எனக்குப் பத்து நாளா தெரியும். உங்க அக்காகிட்ட சொல்ல வாய் வரல."

திரையில் அவருடைய வெள்ளக் கணிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நாளாக, நாற்பது கம்ப்யூட்டர்களில். முடிய இன்னும் சில மணி நேரம் ஆகும். கணக்கை மூடினால் ஓட்டமும் நிற்கும், சேர்ந்த கோப்புகளும் பூட்டப்பட்டுவிடும்.

"கண்டுக்காம விட்டுடேன்," என்றார் மெல்ல. "சாயங்காலம் வரைக்கும்தானே?"

இன்று மாமாவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டால் நாளைக்கு எந்த முகத்தோடு இன்னொருவர் கணக்கை மூடுவது? ஆனால் ஆறு நாள் உழைப்பைப் பாழாக்கவும் மனசு கேட்கவில்லை. இயக்குநருக்குப் போன் போட்டாள். தனக்கு அவர் என்ன உறவு என்பதையும் மறைக்கவில்லை.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா," என்றார் இயக்குநர்.

"சரிதான் சார். கணக்கு அவரோடது, மூடிடறேன். ஆனா ஓடற வேலை நம்ம நிலையத்தோடது. விட்ட இடத்துலேருந்து நிலையத்தோட பேர்ல ஓட விடலாமா? நீங்க எழுத்துல சொன்னா போதும்."

"எழுதி அனுப்பறேன்," என்றார் இயக்குநர்.

பதினொன்றரைக்கு மெயில் வந்தது. ஓட்டத்தை நிலையத்தின் பெயருக்கு மாற்றி, ஒழுங்காக ஓடுகிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

"நீங்களே லாக்-அவுட் பண்ணி வெளிய வந்துடுங்க மாமா." தானே அவரை வெளியே தள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

அவர் தட்டினார். பதினாறு வருஷமாக அவரை உள்ளே விட்ட திரை, பெயரைக் கேட்டுக்கொண்டு வெறுமனே நின்றது. அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் கணக்கை மூடினாள்.

நாலு மணிக்கு முடிவு வந்தது. அக்கா வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது அக்கா. மாமா இருக்காரா என்று மட்டும் இவள் கேட்டாள்.

"வந்ததும் வராததுமா எல்லாத்தையும் கொட்டிட்டார்டி," என்றாள் அக்கா. "பத்து நாளா மறைச்சிட்டாரேன்னு திட்டிட்டுதான் இருக்கேன். அது கிடக்கட்டும், அந்த வெள்ளக் கணிப்பு முடிஞ்சுதா? சாப்பிடாம உட்கார்ந்திருக்கார் மனுஷன்."

"முடிஞ்சுதுக்கா. அவர்கிட்ட குடு."