நிவாவுக்கு நான்கு பனிக்கால டயர்கள்

எங்கள் மலையில், நவம்பர் தொடக்கத்தில் வருகிற மித்ரோவ்தான் திருநாளுக்குள் மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும். விறகு கொட்டகைக்குள் போயிருக்க வேண்டும், முட்டைக்கோஸ் பீப்பாயில் உப்புநீருக்குள் அமுங்கியிருக்க வேண்டும், வண்டிக்குப் பனிக்கால டயர் மாட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்பவன் நான். மூன்றாவது என்றால் எனக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் என் வண்டி நிவா. ரஷ்யாக்காரன் செய்தது, நான்கு சக்கரமும் இழுக்கும், முப்பது வயது.

"டயர் மாத்துறதெல்லாம் டவுன்காரனோட பொம்மைக் காருக்குடா. என் நிவா எந்த டயர்லயும் செவுத்துல ஏறும்" என்று கடை வாசலில் நின்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எங்கள் ஊரில் நிவா வைத்திருக்கிற ஒவ்வொருத்தனும் இப்படித்தான் பேசுவான். ஏறுவதற்குத்தான் நான்கு சக்கரமும் இழுப்பது உதவும், இறங்கும்போது நிற்பதற்கு உதவாது என்பது எங்கள் மண்டையில் ஏறவே ஏறாது.

என் மண்டையில் ஏறியது அக்டோபர் கடைசியில். என் மனைவி ஸ்தாமெனாவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டு மூன்று வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவளைக் கீழே பிரியெபோல்யே டவுன் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். இதுவரை ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அந்தப் புதன்கிழமை காலையில் தரையில் உறைபனி. பாலத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில் பிரேக்கை மிதித்தேன். வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போய், கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கீழே ஆறு. நான் கத்திவிட்டேன். ஸ்தாமெனா மட்டும் கத்தவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டயாலிசிஸ் முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு நேராக டயர்க்கடை ரிஃபாத்திடம் போனேன். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, மேலே ஒரு கம்பளியும் போர்த்திவிட்டு ரிஃபாத் என்னிடம் வந்தான். எனக்கு ஒரு பத்துப் பதினைந்து வயது இளையவன், வாய் நீளம்.

"என்ன மாமா, செவுத்துல ஏறுற வண்டி இங்க எதுக்கு வந்திருக்கு?"

"வாயை மூடிக்கிட்டு டயரைப் பாரு. பள்ளமெல்லாம் இன்னும் ஆழமாத்தான் இருக்கு."

அவன் குந்தி உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில், அதைச் செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்கிற நாலு எண்களைத் துடைத்துக் காட்டினான். "பள்ளம் இருக்கு மாமா. ஆனா இது பதினோரு வருஷத்து ரப்பர். நகத்தை வெச்சு அமுக்குங்க. மாட்டுக் கொம்பு மாதிரி இல்ல?"

அமுக்கினேன். இறங்கவில்லை. சரி, இவனிடம் அசடு வழியக் கூடாதென்று, சுவரோரம் அடுக்கியிருந்த தடித்தடி டயர்களைக் காட்டினேன். கட்டி கட்டியாகப் பல், பார்த்தாலே டாங்கி மாதிரி.

"அதைப் போடு. நிவாவுக்கு எடுப்பா இருக்கும்."

"எடுப்பாத்தான் இருக்கும். அது சேத்துக்கு மாமா. பனிக்கட்டில போட்டா சோப்பு மாதிரி வழுக்கும். இந்தா, இது ஒல்லி. பனியை வெட்டிட்டு அடியில இருக்கிற தரையைப் பிடிக்கும். பக்கத்துல மலையும் பனிப்பூவும் போட்டிருக்கு பாருங்க, அதுதான் அடையாளம்."

"அப்போ முன்னாடிக்கு ரெண்டு போடு. பின்னாடி பழசே ஓடட்டும்."

"நல்லா இருக்கு கதை! முன்னாடி நிக்கும், பின்னாடி சுத்திக்கிட்டு உங்களை முந்திட்டுப் போகும். நாலும் ஒண்ணா இருக்கணும்."

நாற்காலியிலிருந்து ஸ்தாமெனா சொன்னாள்: "ஒண்ணுமே போட வேணாம் ரிஃபாத். முப்பது வருஷமாப் பீத்திக்கிட்டான்ல இந்த மனுஷன், ஏறட்டும் செவுத்துல."

ரிஃபாத் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலையில ஆத்துக்குள்ள போகப் பாத்தோமேடி! மலையில இருந்து உருண்டு சாகணும்னு ஆசையா?"

"உருள வேணாம். கிளம்பாம இருந்தாப் போதும்."

ரிஃபாத்தின் சிரிப்பு நின்றது. காபி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். ஸ்தாமெனா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், அடுக்கியிருந்த டயர்களைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்குப் போதும் விதோயே. போறது, ஊசி குத்திக்கிறது, வர்றது, படுக்கிறது. மறுநாள் எந்திரிச்சு ஒரு வாய் சூப் குடிக்கிறதுக்குள்ள அடுத்த டயாலிசிஸ் நாள் வந்துடுது. இந்தப் பனிக்காலத்தை நான் அடுப்புப் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

"போகலைன்னா..."

"தெரியும். டாக்டரம்மாகிட்டயே கேட்டுட்டேன். ஒரு வாரம், பத்து நாள்னு சொன்னாங்க."

"பைத்தியமா உனக்கு? ராதென்கோகிட்ட என்னன்னு சொல்றது?" ராதென்கோ எங்கள் மகன், நோவி சாத் நகரத்தில் இருக்கிறான்.

"அதுக்குத்தான் சொல்றேன். நான் போக மாட்டேன்னு சொன்னா அவன் வந்து என்னைத் தூக்கிட்டுப் போயிடுவான். நீயும் அவன் பக்கம்தான் நிப்ப. நான் செத்தப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கிட்டு இருப்பீங்க. பனி வந்து மூடிடுச்சு, வண்டி மேட்டுல ஏறலைன்னு வெச்சுக்கோ, யார் மேலயும் குத்தம் இல்ல. பழைய டயரே இருக்கட்டும், மனுஷா."

நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே பார்த்துக் கத்தினேன். "ரிஃபாத்! அந்த ஒல்லியையே போடு. நாலும்!"

ஊருக்குத் திரும்பும்போது அதே வளைவில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். சட்டென்று நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைவிட அந்த டயர்தான் அப்போது என் நினைப்பில் இருந்தது. என் முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல!

அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒன்றும் சொல்லாமல் வந்தாள். முன்பெல்லாம் வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டு வருவாள். கியரைப் பார்த்து மாற்று, எதிரில் லாரி வருகிறது, இருமாதே. அந்தத் திட்டு நின்றுபோனது. ஒருநாள் வண்டியைச் சாலையோர இரும்பு வேலி மீது உரசினேன், அதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை. அவள் பேச மாட்டாளா என்று ஏங்கிப் போனேன்.

டிசம்பர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை விடிந்தபோது முழங்கால் உயரத்துக்குப் பனி. நான் எழுந்து வண்டியைக் கிளப்பினேன். முற்றத்திலிருந்து மேட்டுக்கு ஏறி, பெரிய சாலைவரை போய்த் திரும்பி வந்தேன். ஒரு இடத்தில்கூடச் சறுக்கவில்லை. ரிஃபாத் சொன்னது சரிதான்.

உள்ளே வந்தேன். ஸ்தாமெனா கோட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் பூட்ஸ் இருந்தது. இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். குனிய முடியவில்லை. உதவிக்குக் கூப்பிடவும் இல்லை.

அப்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் செனாதா.

"விதோயே மாமா, மேல பனி எப்படி இருக்கு? அத்தையைக் கூட்டிட்டு வந்துடுவீங்கள்ல?"

நான் ஸ்தாமெனாவைப் பார்த்தேன். அவள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர முடியாதும்மா" என்றேன். "வண்டி ஏறல."

"எது, உங்க நிவாவா? விளையாடாதீங்க மாமா!"

"என் நிவாதான். முற்றத்தை விட்டே நகரல. கிழட்டு வண்டி, நின்ன இடத்துலயே சுத்துது."

"மீட்புப் படைக்குச் சொல்லட்டுமா? டிராக்டர் அனுப்புவாங்க."

"வேணாம். டிராக்டரும் ஏறாது. வழி சரியானா நானே கூட்டிட்டு வர்றேன்."

போனை வைத்தேன். முப்பது வருடத்தில் முதன்முறையாக அந்த வண்டியைப் பற்றி அப்படிச் சொன்னேன். ஸ்தாமெனா தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முற்றத்திலிருந்து மேடுவரை, போனதற்கும் வந்ததற்கும், பனியில் சக்கரத் தடம் பளிச்சென்று தெரிந்தது.

நான் அவள் முன்னால் மண்டியிட்டு, போட்டிருந்த பூட்ஸைக் கழற்றினேன். கால் வீங்கியிருந்தது.

"டயர் நல்லாப் பிடிக்குதா?" என்று கேட்டாள்.

"பிடிக்குது" என்றேன். அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.